கோலா தெர்லா மக்களைக் கேட்டது யார்?

2019 ஜூலையில் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்களை இடித்தது சட்டப்படி சரிதான் என்றது பகாங் மாநில அரசு. புத்ராஜெயாவின் மத்திய அரசும் அதையே சொன்னது. அன்று மாநிலத்தில் ஒரு கூட்டணி, மத்தியில் வேறொரு கூட்டணி. மற்றதில் எல்லாம் மோதிக்கொண்ட இரு தரப்பும் சுமார் நூறு விவசாயிகளின் பிழைப்பைப் பறிப்பதில் மட்டும் கைகோத்து நின்றது வேதனை. அந்த விவசாயிகளில் கணிசமானோர் நம் தமிழர்கள். பல பத்தாண்டுகளாக அந்தச் சரிவுகளில் மண்ணைக் கொத்தி வாழ்ந்தவர்கள்.

நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கவே இடிப்பு என்றார்கள். அது காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றில் பூச்சிமருந்து கலந்தால் அந்தத் தண்ணீரை முதலில் குடிப்பவர்களும் இந்த மலைக்காரர்கள்தாம். எந்த நிலம் பயிருக்கு, எந்த நிலம் காட்டுக்கு, எது வீட்டுக்கு என்று முடிவு செய்யும் முன் அங்கே வாழ்பவர்களை யார் கேட்டார்கள் என்பதே நம் கேள்வி. நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்று பதில் சொல்லக்கூடாது. நோட்டீஸ் கொடுப்பது வேறு, கேட்பது வேறு.

தற்காலிக நில உரிமத்தை எடுத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருந்த தகப்பன் கண்ணை மூடினால் உரிமமும் அன்றே போய்விடும். கூடவே உழைத்த மகன் மறுநாள் முதல் அத்துமீறிக் குடியேறியவன். இப்படி ஆண்டுக்கு ஆண்டு பிச்சை கேட்கும் நிலையில் ஒரு தலைமுறையையே வைத்திருந்துவிட்டு, பிறகு பட்டா இல்லை, உரிமம் இல்லை என்று குற்றம் சாட்டுவதில் என்ன நியாயம்? பட்டா கொடுக்க வேண்டியது யார் கையில் இருந்தது?

இதன் விளைவு நிலத்தோடு நிற்கவில்லை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தைப் புரட்டுங்கள். நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் கட்ட மனுச்செய்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். உரிமையாளருக்கு மட்டும்! உரிம நிலத்தில் பயிர் செய்பவர் உரிமையாளர் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளியும் உரிமையாளர் இல்லை. வீடு தோட்ட நிர்வாகத்தினுடையது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆக, தங்கள் கண்ணெதிரே மலையை வெட்டிக் குடியிருப்பு எழுப்பினாலும் வாய் திறக்கச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. காட்டைத் தங்கள் பூர்வீகமாகக் கொண்ட செமாய் பழங்குடி மக்களின் கதியும் இதுதான்.

வரைவு உள்ளூர்த் திட்டத்துக்கு யாரும் ஆட்சேபம் சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம். சட்டம் தரும் கட்டாய அவகாசம் நான்கு வாரம். கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மலாய் மொழியில் அச்சிட்ட தடித்த தொகுதிகளையும் வண்ண வரைபடங்களையும் படித்துப் புரிந்துகொண்டு, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெண்ணைத் தேடி எத்தனை அதிகாரிகள் லயத்துக்கு வந்தார்கள்? தமிழில் ஒரு கூட்டம் போட்டு விளக்கினார்களா? 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலுக்கு வாக்குக் கேட்க மட்டும் எல்லாரும் படியேறி வந்தார்கள். ஐந்து மாதத்தில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன.

அதிகாரத்தில் இருந்தவர்கள் இந்த மலைக்கு முன்பு செய்ததையும் மறக்க முடியாது. 2013 அக்டோபர் 23 பின்னிரவில் ரிங்லெட் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போயின, வீடுகள் சேற்றில் புதைந்தன. சரிவுகளைச் சுரண்டி அணை முழுக்க மண் நிரம்ப விட்டவர்கள் யார்? ஆற்றோரம் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் மாற்று இடம் தராமல் இருந்தவர்கள் யார்? அடுத்த ஆண்டு நவம்பரில் அதே துயரம் திரும்பவும் நடந்தது. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலுள்ள நிலம் முதல்நிலைப் பாதுகாப்புக்குரியது என்கிறது தேசிய நிலப் பயன்பாட்டுத் திட்டம். பிரிஞ்சாங்கும் கோலா தெர்லாவும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. அப்படியிருக்க பிரிஞ்சாங்கில் ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எப்படி எழுந்தன? அந்த உயரம் அன்று யார் கண்ணிலும் படவில்லை. மாநில எல்லைக்கு அப்பால் லோஜிங்கில் காடு மொட்டையடிக்கப்பட்டபோதும் அதே மௌனம்தான். பணமுள்ளவனின் கான்கிரீட்டைத் தொடாத சட்டம் விவசாயியின் பிளாஸ்டிக் கூரையை மட்டும் கிழிக்கிறது.

தட்டிக்கேட்க மாவட்ட மன்றத்தில் நமக்கு ஆளில்லை. அங்கே இருப்பவர்கள் நியமன உறுப்பினர்கள். நாட்டில் ஊராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 1963இல். அதைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சையும் 2018 டிசம்பரில் அன்றைய பிரதமரே முடித்துவைத்தார். வாக்கால் நீக்க முடியாதவர்களுக்கு நம் கோபம் ஒரு பொருட்டே இல்லை.

இப்படி இடிப்பதை நிறுத்துங்கள். இந்த மலையில் யார் எங்கே வாழ்வது, எதைக் காப்பது என்பதை இந்த மலை மக்களோடு, அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து பேசி முடிவெடுங்கள். அதுவரை கோலா தெர்லாவில் நடந்ததைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று நாம் ஏற்க மாட்டோம்.