இலைமூக்கு ஓணானும் கிருஷ்ணனின் கமராவும்

இந்தக் கிழமை கைத்தொலைபேசியைத் திறந்தபோதெல்லாம் ஒரே படம். நக்கிள்ஸ் மலையின் இலைமூக்கு ஓணான், யாரோ ஒருவரின் உள்ளங்கையில். கீழே ‘இயற்கையைக் காப்போம்’ என்றொரு வாசகம். அதற்கும் கீழே, ரிவர்ஸ்டன் பாதையில் எந்த வளைவில் இறங்கி எந்த ஓடையோரம் போக வேண்டும் என்று முழு வழியும். நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மூக்கு நுனியில் இலை முளைத்ததுபோல் இருக்கும் இந்தப் பிராணி நக்கிள்ஸை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. வேகமாக ஓடத் தெரியாத சாது. காட்டிலும் ஏலத்தோட்ட நிழலிலும் கிளையோடு கிளையாக ஒட்டியிருக்கும். இடம் தெரிந்தவன் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். செல்லப்பிராணியாக வாங்க வெளிநாட்டில் ஆள் இருப்பதால்தான், 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு இதை முதலாம் அட்டவணையில் சேர்த்து வணிகத்தைத் தடுத்தது. அங்கே அடைத்த கதவை இங்கே நாம் திறந்துவிடுகிறோம்.

அப்படியானால் படமே எடுக்கக்கூடாதா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஊகித்திருப்பீர்கள், மறுபடியும் காட்டுயிர்ப் படப்பிடிப்பாளர் மா. கிருஷ்ணனிடம்தான் போகிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒரு கமராவின் உடலையும் இன்னொன்றின் வில்லையையும் பொருத்தி, அந்தக் கனத்த கருவிக்கு ‘சூப்பர் பொண்டெரோசா’ என்று பெயர் வைத்துக் காடு காடாகச் சுமந்தவர். நடந்தும், வளர்ப்பு யானை மேலேறியும் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். யானையைப் படம் பிடித்தால் அது நிற்கும் காட்டையும் சேர்த்துத்தான் பிடிப்பார். படத்தோடு நிறுத்தவும் இல்லை. ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் கண்மூடும்வரை பத்தி எழுதினார். ஒரு விலங்கு எப்படி நடக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, குட்டியை எப்படி நடத்துகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, அதைப் போய்த் தொட வேண்டும் என்ற ஆசை நமக்கு விட்டுப்போகும். அது அங்கேயே நலமாக இருக்க வேண்டும் என்ற கவலை வந்துவிடும்.

தமிழிலும் எழுதியிருக்கிறார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலை, நக்கிள்ஸை அடுத்த இரத்தோட்டை, லக்கலைப் பக்கத்து ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட வேண்டுமென்று முன்பும் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஓணான் பழக்கமானது. வெளியிலிருந்து வரும் எந்தப் படப்பிடிப்பாளரையும்விட அவர்களால் அதைப் பொறுமையாகப் பார்க்க முடியும். அவர்கள் எடுக்கும் படத்தில் ஓணான் கிளையிலேயே இருக்கட்டும். அது எதைத் தின்றது, மழைக்கு எங்கே ஒதுங்கியது என்று கீழே எழுதட்டும். இடம் என்ற வரியில் ‘மாத்தளை மாவட்டம்’ என்று போட்டால் போதும்.