காலையில் ஸ்டார்ட் ஆகாத டிராக்டருக்கு ஹீட்டர் தேவையா?

கேள்வி: எங்கள் டிராக்டர் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கனடாவில் வேலை செய்யும் மகன், ‘இங்கே வண்டிகளில் எஞ்சினைச் சூடாக்க ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள், ஒன்று வாங்கி அனுப்புகிறேன்’ என்கிறான். வாங்கலாமா?
- ஆனைமலைப் பகுதி வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் டிராக்டரின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போகும் காற்றை பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்கும்போது, அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அதில் டீசல் பீச்சப்பட்டதும் தானாகப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் இரும்பு சில்லிட்டுப் போயிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் வேகமும் குறையும். மூன்றும் சேர்ந்தால் வண்டி கிளம்பாது.

மைனஸ் 20, 30 டிகிரி குளிர் உள்ள ஊர்களில் இதற்காகத்தான் பிளாக் ஹீட்டர் வைக்கிறார்கள். சிலிண்டரைச் சுற்றி ஓடும் கூலன்ட்டை மின்சாரத்தால் சூடாக்கும் சிறிய கருவி அது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இப்படி ஒரு ஹீட்டரை உருவாக்கி 1949ல் காப்புரிமை பெற்றார். கனடாவின் குளிர் மாகாணங்களில் வண்டியின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்கும். இரவில் அதைச் சுவரில் சொருகிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட குளிர் என்றால் லடாக்கைச் சொல்லலாம். அங்கே டீசலே உறைந்துவிடும். அதனால் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பொள்ளாச்சி வட்டாரத்தில் மார்கழி, தை விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினுக்கு இது ஒரு குளிரே அல்ல. தேய்ந்துபோன ஏதோ ஒன்றை இந்தச் சில்லிப்பு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அங்கே வாங்கிய ஹீட்டரை இங்கே நேராகச் சொருகினால், அது இழுக்க வேண்டியதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் மின்சாரம் இழுக்கும். டீசலும் ஆயிலும் கசிந்திருக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது எரிந்தால், சாளையில் இருக்கும் வைக்கோல் போருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

சரி, கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் சாவியைத் திருப்பும்போது காதையும் கண்ணையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்.

எஞ்சின் மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றுகிறதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12 வோல்ட்தான் இருக்கிறது என்றால் சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகும் எர்த் கேபிள் துருப்பிடித்திருந்தாலும் இதே கோளாறு வரும்.

வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே வரவில்லையா? டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. ராத்திரியில் எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். அடிக்கடி ஏர் எடுக்க வேண்டியிருந்தால் வாஷர், ஹோஸ், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். டேங்கை மாலையிலேயே நிரப்பி வைப்பது நல்லது. பாதி காலியாக நின்றால் இரவுக் குளிரில் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும்.

வேகமாகச் சுற்றி, வெள்ளைப் புகையும் வருகிறதா? டீசல் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக் வைத்த வண்டி என்றால் அது வேலை செய்கிறதா என்று மெக்கானிக்கிடம் சோதியுங்கள். சிறிய உதிரி பாகம்தான். அது சரியாக இருந்தால் அடுத்து இன்ஜெக்டர், அதற்கும் அடுத்து கம்ப்ரஷன். மத்தியான வெயிலிலும் இதே தொல்லை என்றால் குளிர்மேல் பழி போடாதீர்கள்.

எதுவானாலும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் புகைந்துவிடும்.

சிலர் ஆயில் சம்புக்குக் கீழே தீ மூட்டுகிறார்கள். சிலர் ஏர் ஃபில்டரில் பெட்ரோலை ஊற்றுகிறார்கள், அல்லது ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். முதலாவது வண்டியையே கொளுத்தும். இரண்டாவது, ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் உள்ளே போகும் முன்பே பற்றி வெடிக்கும், பிஸ்டனும் உடையலாம். கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். கேரட், உருளைக்கிழங்கு ஏற்றப் போய் இரவு தங்கும் வண்டியின் ரேடியேட்டரில் வெறும் போர்த் தண்ணீர் இருந்தால், அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கலாம். கம்பெனி சொல்லும் அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

டீசலிலும் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் விற்கும் டீசல் 6 டிகிரி வரையிலும், மற்ற மாதங்களில் விற்பது 18 டிகிரி வரையிலும் ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டும் என்பதே இந்தியத் தர அளவு. கோடையில் வாங்கி டிரம்மில் வைத்த டீசலை மார்கழியில் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். மெழுகு போலத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடலாம்.

ஆயில் டப்பாவில் ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், குளிரில் அந்த ஆயில் எளிதாக ஓடும். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டையும் உங்கள் வண்டியின் கையேடு அனுமதித்தால், மலையில் 15 நல்லது.

மகன் ஆசையாக ஏதாவது வாங்கித்தர வேண்டும் என்றால், இங்கேயே கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கித் தரச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் உதவும், மோட்டார் ரூமுக்கும் உதவும்.