ஓமோனா, உணவா?

“பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எனக்கு உடம்பு வைக்கிறது” என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டால், கேட்போர் இருவகையாக மறுமொழி கூறுவர். “எல்லாம் வாயால் வந்த வினை” என்பர் ஒரு சாரார். “ஓமோன் கோளாறு; உணவைக் குறைத்துப் பயனில்லை” என்பர் மறுசாரார். முதற்கூற்று மனத்தைப் புண்படுத்தும். இரண்டாவது முயற்சியைக் கெடுக்கும். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. அதனை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், இவ்வழக்கில் அகப்பட்டு மனம் வாடுவோரிற் பலர் பாடசாலை செல்லும் பிள்ளைகளே.

ஓமோன் என்பது யாது? உடலின் ஓரிடத்தில் உண்டாகிக் குருதியிற் கலந்து, வேறோரிடத்துக்குக் கட்டளை கொண்டுசெல்லும் தூதுப்பொருளே ஓமோன். ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905ஆம் ஆண்டில் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். பசியும் இத்தூதர்களின் ஆணைக்கு உட்பட்டது என்பது நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை. அதனை விளக்கிய பெருமை ஓர் எலியைச் சாரும்.

அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தார், ஓயாது உண்டு அளவிறந்து பருக்கும் ஓர் எலி வகையைப் பற்றி 1950ஆம் ஆண்டில் அறிவித்தனர். பின்னர், அதே கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் கோல்மன், அத்தகைய எலியொன்றின் குருதியோட்டத்தை இயல்பான எலியொன்றின் குருதியோட்டத்துடன் இணைத்துப் பார்த்தார். பருத்த எலியின் பசி தணிந்தது, உடலும் மெலிந்தது. “போதும்” என்று சொல்லும் ஏதோவொரு பொருள் இயல்பான எலியின் குருதியில் இருந்தது. பருத்த எலிக்கு அது வாய்க்கவில்லை. 1994ஆம் ஆண்டில் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அப்பொருளுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். அப்பொருளே லெப்டின். அதனைச் சுரப்பது வேறெதுவுமன்று; நம் உடற்கொழுப்பேயாம். கொழுப்பு மிகுந்தால் லெப்டின் மிகும். மூளை அதனை அறிந்து பசியைக் குறைக்கும். இஃது இயற்கை வகுத்த ஒழுங்கு.

இவ்வொழுங்கு மனிதரிடத்தும் உண்டோ? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர வைத்திய அறிஞர்கள் 1997ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். எட்டு வயதில் 86 கிலோகிராம் எடையுள்ள சிறுமி ஒருத்தியும், இரண்டு வயதில் 29 கிலோகிராம் எடையுள்ள அவளுடைய உறவினனான சிறுவனும் பிறவியிலேயே லெப்டின் அற்றவர்களாய் இருந்தனர். அச்சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி ஏற்றப்பட்டது. அடங்காதிருந்த பசி அடங்கிற்று. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோகிராம் எடை குறைந்தது. அக்குழந்தையைப் பெருந்தீனிக்காரி என்று யாரேனும் ஏசியிருந்தால், அஃது எத்துணைக் கொடுமை!

அவ்வாறாயின் பருத்தோர் யாவருக்கும் லெப்டின் ஊசி போதாதோ எனின், போதாது. இப்பிறவிக் குறை மிக மிக அரியது. பருத்தோரிற் பெரும்பாலார்க்கு லெப்டின் குறைவாயில்லை; நிரம்பவே உண்டு. தூதன் கதவைத் தட்டுகிறான், மூளையோ செவிசாய்ப்பதில்லை. இங்கேதான் உணவு குறுக்கிடுகின்றது.

2019ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்திற் கெவின் ஹோல் குழுவினர் இருபது பேரை ஆய்வுகூடத்திலேயே தங்கவைத்து, இரு வாரம் ஆலைகளில் ஆக்கிய உணவும், இரு வாரம் வீட்டுச் சமையலை ஒத்த உணவும் அளித்தனர். பரிமாறிய கலோரி, சீனி, கொழுப்பு, நார் யாவும் இரண்டிலும் ஏறத்தாழச் சமமே. வேண்டியமட்டும் உண்ணலாம் என்று விட்டனர். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகையாக உண்டனர், எடையும் கூடிற்று. வீட்டுணவு உண்ட நாட்களில் எடை குறைந்தது. உண்டவர் அவரே, மாறியது உணவு மட்டுமே.

திடீர்ப் பட்டினியும் தீர்வாகாது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் நடந்து 2011இல் வெளியான ஆய்விலே, பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து மெலிந்தோரின் பசி ஓமோன்கள், ஓராண்டு கழிந்த பின்னும் “உண், உண்” என்றே தூண்டிக்கொண்டிருந்தன. திருமணம் நெருங்குகிறதென்று பெண்ணைப் பட்டினி போடும் தாய்மார் இதனைக் கருத்திற் கொள்வாராக. இழந்த எடை மீண்டுவருவது அப்பெண்ணின் மனவுறுதிக் குறைவால் அன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியால்.

மாணவர்க்கும் ஒரு சொல். சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2004) பன்னிரண்டு இளைஞரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே துயிலவிட்டனர். பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கவிட்ட இரவுகளோடு ஒப்பிடுகையில், லெப்டின் 18 வீதம் தாழ்ந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் உயர்ந்தது. பரீட்சைக் காலத்தில் நள்ளிரவில் பிஸ்கட் பெட்டியைத் தேடும் கைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி, நாம் செய்யத்தக்கன சில. சீனியிட்ட குளிர்பானத்தையும், தேநீரின் சீனியையும் படிப்படியாகக் குறைக்க. பாணும் பிஸ்கட்டும் இருந்த இடத்திற் பயறு, கடலை, முட்டை, குரக்கன் பிட்டு இடம்பெறுக. சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையையும் மரக்கறியையும் மீனையும் கூட்டுக. தென்னாசியர்க்கு எடை அதிகமில்லாதபோதும் வயிற்றிற் கொழுப்புச் சேர்வதுண்டு. ஆதலால், இடுப்புச் சுற்றளவையும் அளந்தறிக: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடுகள்.

ஓமோன் நோய் மெய்யாகவே இருப்பதும் உண்டு. எடையேற்றத்தோடு ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி ஆகியன சேர்ந்தால் தைரொயிட் சுரப்பியின் தளர்ச்சியாகலாம். மாதவிடாய் ஒழுங்கின்றி முகத்தில் உரோமம் மிகுந்தால் சூலகக் கோளாறாகலாம். குருதிப் பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டுச் செய்விக்க. எனினும் தைரொயிட் தளர்ச்சியால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோகிராமே என்பதையும் மறவற்க.

வீட்டில் ஒரு பிள்ளை பருத்திருந்தால், அதற்கு மட்டும் தனித் தட்டும் தனிச் சட்டமும் வேண்டாம். குடும்பம் முழுவதும் ஒரே நல்லுணவை ஒன்றாக அமர்ந்து உண்க. பசியின் கட்டளையைப் பிள்ளை தானாக மாற்றவியலாது. அடுப்படியில் என்ன வேகிறது என்பதைப் பெற்றோர் மாற்றலாம். ஏளனத்தால் மெலிந்த உடல் எங்கும் இல்லை. மெலிந்த உள்ளங்களோ பல உண்டு.