முதலில் குரல், பிறகு படம்

செமினி வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவின் நேரலையைச் சென்ற ஆண்டு வீட்டிலிருந்தே பார்த்தேன். அந்தத் தோட்டத்திற்குக் கம்பிவட இணையம் எட்டவில்லை. செயற்கைக்கோள் இணையத்தின்வழி ஒளிபரப்பினார்கள். காவடிகள் புறப்படும் நேரத்தில் படம் உறைந்து நின்றது. அது மீண்டும் அசைந்தபோது காவடிகள் கோயிலுக்குள் போய்விட்டிருந்தன.

இப்படி நேர்ந்தால் உடனே இணைய வேகத்தைக் குறை கூறுகிறோம். கூடுதல் கட்டணம் செலுத்தினால் சரியாகிவிடும் என்றும் எண்ணுகிறோம். என் கருத்து வேறு.

நம் நாட்டின் மீசாட் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. ஒளியின் வேகத்தில் சென்றாலும், ஒரு கேள்வி அவ்வழியே போய்ப் பதில் திரும்பிவர அரை வினாடி ஆகும். 2023இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் சேவையின் கோள்கள் அதைவிட மிகக் குறைந்த உயரத்தில் சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு. ஆனால், அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம் வீட்டுத் தட்டு ஒரு கோளை விட்டு மற்றொன்றைப் பிடிக்கும்போது தரவு விடுபடலாம். மாலை மழையைச் சொல்லவே வேண்டாம். கனத்த மழை அலைகளின் வலிமையைக் குறைத்துவிடும். எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் மழை நிற்காது!

ஆகவே, இணைப்பு தடுமாறும் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப ஒளிபரப்புவதே மேல். உயர்தரக் காணொலிக்கு வினாடிக்குச் சுமார் 4 மெகாபிட் தேவை. சாதாரணத் தரத்திற்கு 1 மெகாபிட் போதும். குரலுக்கோ அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. இணைப்பு தளரும்போது படத்தின் தரம் தானாகவே குறையும்படி அமைக்கலாம். திருவிழாவை இருபது வினாடி தாமதித்துக் காட்டினால், விடுபட்ட பகுதியை அதற்குள் மீண்டும் அனுப்பிவிடலாம். பார்ப்பவருக்குத் தடங்கலே தெரியாது.

வகுப்புக்கு இது பொருந்தாது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் இருபது வினாடி காத்திருக்க முடியுமா? அங்கே படத்தை விட்டுக்கொடுத்தாவது குரலைக் காப்பாற்ற வேண்டும்.

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபா மாநிலத்தின் பித்தாஸில் ஒரு மாணவி இயங்கலைத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறினார். அவரைப் போன்றோர் பார்க்க வேண்டிய பாடங்களை நாம் தலைநகரின் அதிவேக இணைப்பில் சோதித்துவிட்டு, நன்றாக இருப்பதாக முடிவு செய்கிறோம். பாடத்திட்டப் பணியில் இருக்கும் நானும் அவ்வாறு செய்ததுண்டு. இனி ஒவ்வொரு நேரலைப் பாடத்தையும் மழை பெய்யும் ஒரு மாலையில், தோட்டப்புற இணைப்பில் சோதித்த பிறகே ஏற்க வேண்டும். குரல் அறுபட்டால், அந்தப் பாடத்தைத் திருத்தத்திற்குத் திருப்பி அனுப்பலாம்.