எல்லாமே ‘ஸ்பாட்’தானா?

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கை அருவியாக விழுகிற தண்ணீர்தான் ஐயாறாகப் பாறைகளுக்கிடையே இறங்கி இந்த ஊருக்கு வருகிறது. விடுமுறை நாளானால் வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் வாயில் ஒரே சொல்: ஸ்பாட்.

ஊர் டூரிஸ்ட் ஸ்பாட். பாறை செல்ஃபி ஸ்பாட். தண்ணீர் குளிக்கிற ஸ்பாட். மரங்களுக்குள் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் கண்ணில் பட்டால், பாட்டிலைத் திறக்க ‘செம ஸ்பாட்’. ஊருக்கு வெளியே போனாலும் இந்தச் சொல் விடுவதில்லை. கல்லூரியில் ஸ்பாட் அட்மிஷன், ஹெல்மெட் போடாவிட்டால் ஸ்பாட் ஃபைன், சினிமாக்காரர்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட். சாலையில் அடிபட்டு இறந்தவரைப் பற்றியும் ‘ஸ்பாட்லயே போயிட்டாரு’ என்கிறோம். ஆங்கிலத்தில் புள்ளி, கறை, முகப்பரு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அது அவர்கள் மொழி. அதோடு எனக்கு வழக்கில்லை.

என் ஆதங்கம் தண்ணீரைப் பற்றியது. ஆற்றோடு வாழ்ந்தவர்கள் அதை ஒற்றைச் சொல்லில் அடைத்ததில்லை. இறங்கிக் குளிக்கத் தோதான இடம் துறை. அடி தெரியாமல் ஆழ்ந்து கிடப்பது மடு. நீர் சுற்றி இழுக்கிற இடம் சுழி. பாறையில் ஊறி நிற்பது சுனை. ‘மடுப்பக்கம் போகாதப்பா’ என்று ஊர்ப் பெரியவர் சொன்னால், ஆழமும் ஆபத்தும் அந்தப் பெயரிலேயே வந்துவிடும். துறையும் ஸ்பாட், மடுவும் ஸ்பாட் என்று ஆகிவிட்டால், வெளியூரிலிருந்து வந்த, நீச்சல் தெரியாத பையன் எதை வைத்து வித்தியாசம் காண்பான்?

இது மலை ஆறு. மேலே மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடுதிப்பென்று ஏறும். பாசி படிந்த பாறை காலை வாரிவிடும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், ‘நல்ல ஸ்பாட்டுண்ணே, அஞ்சு நிமிஷம்’ என்று குதிக்கிறார்கள். பெற்றவர்கள் வந்து கரையில் விழுந்து அழும்போது, அந்த ஐந்து நிமிஷத்தை யார் திருப்பித் தருவது?

பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஸ்பாட் என்று நினைக்கிற இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். இதே தண்ணீர் கீழே வயலுக்குப் பாய்கிறது.

பலகை வைக்கிறவர்களே, ‘எச்சரிக்கை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எது துறை, எது மடு, எவ்வளவு ஆழம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வருகிறவர்களே, தண்ணீரில் கால் வைக்கும் முன் ஊர்க்காரர் ஒருவரிடம் அந்த இடத்தின் பெயரைக் கேளுங்கள். மடு என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் கரையேறுங்கள்.