டிரைவரைக் குறை கூறுமுன் புகையைப் பாருங்கள்!

தோட்டத்து டீசல் லாரி மேட்டில் ஏறத் திணறினால், "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று டிரைவர்மீது பாய்வது சில நிர்வாகங்களுக்கு வழக்கமாகிவிட்டது. இது நியாயமா?

பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த என்ஜின் தன் நோயைத் தானே சொல்லும். கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் மிகுதி. முதலில் ஏர் பில்டரையும், பிறகு இஞ்செக்டரையும் பாருங்கள். நீலப்புகையானால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கம்பிரஷனைச் சோதித்த பிறகே என்ஜினைப் பிரிப்பது முறை.

இக்குறிகளை முதலில் காண்பவர் டிரைவரே. வாய் திறந்தால் ஏச்சு, மூடினால் ஆபத்து! பாலேற்றிய லாரியின் என்ஜின் சரிவில் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனத்துப்போகும். ஏர் பிரேக்குக்குப் புதிதாகக் காற்று ஏறாது.

பாதுகாப்பில்லை என்று புகார் செய்த காரணத்துக்காக ஒரு தொழிலாளியை வேலைநீக்கம் செய்வதை மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடுக்கிறது. இதை மறந்துவிடலாகாது.

தோழர்களே! கண்ட குறையைத் தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். நகலொன்றைத் தோட்டக் கமிட்டியிடம் ஒப்படையுங்கள்.

நிர்வாகத்தாரே! ஒரு பில்டரின் விலையை மிச்சம்பிடிக்க மனித உயிரைப் பணயம் வைக்காதீர்!