தோட்டாவைக் கேட்டுக் குழலைத் தேர்ந்தெடுங்கள்

ரைஃபிள் வாங்கும்போது, வாங்குவது தனிமனிதரோ ராணுவமோ, முதலில் எழும் கேள்விகள் குழல் எவ்வளவு நீளம், என்ன எடை, என்ன விலை என்பவைதாம். எந்தத் தோட்டாவை, எந்தத் தட்பவெப்பத்தில் அது சுடப்போகிறது என்ற கேள்வி கடைசியில் வரும்; பல சமயம் வருவதே இல்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் எம்16 கதையே இதற்குச் சாட்சி. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏ.ஆர்-15தான் அதன் மூலம்.

குழலின் உட்புறத்தில் குரோமியம் பூசினால் துரு அண்டாது என்பது அன்று ரகசியமல்ல. முந்தைய ரைஃபிளான எம்14-இல் அமெரிக்க ராணுவமே பூசியிருந்தது. எதிரியின் கையிலிருந்த ஏகே ரகத்திலும் அது உண்டு. ஆனால், 1960களில் வியட்நாமுக்குப் போன எம்16-இல் இல்லை. போதாக்குறைக்குத் தோட்டாவின் வெடிமருந்தையும் மாற்றினார்கள். சுடும் வேகம் கூடியது, உள்ளே அழுக்கும் கூடியது. வியட்நாமின் ஈரத்தில், தோட்டா அமரும் அறை அரித்துக் குழி விழுந்தது. சுட்ட தோட்டாவின் உறை அதில் சிக்கிக்கொள்ள, சண்டைக்கு நடுவே குழலின் முனை வழியாகக் கம்பியை விட்டு அதை இடித்துத் தள்ள வேண்டிய நிலை. 1967-இல் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. முதலில் தோட்டா அறைக்கும் பின்னர் குழல் முழுமைக்கும் குரோமியம் வந்தது.

குற்றம் வெடிமருந்தின் மேல், குழலின் மேல் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. வெடிமருந்துக்கு அதில் பெரிய பங்கு இருந்தது உண்மை. ஆனால், மருந்தை மாற்றியவர்கள் பழைய குழல் அதைத் தாங்குமா என்று பார்த்துத் தீர்க்கவில்லை என்பதுதானே என் குற்றச்சாட்டு? சிப்பாய்கள் துப்பாக்கியைத் துடைக்கவில்லை என்பது இன்னொரு சமாதானம். துடைக்கும் சாதனங்களே போதுமான அளவில் போய்ச் சேரவில்லை. போயிருந்தாலும், துடைத்தால் அழுக்குப் போகும். அரித்த குழி போகாது. குரோமியப் பூச்சு சீராகப் படியாவிட்டால் குறி சற்றுப் பிசகும் என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பலர் பூச்சில்லாத துருப்பிடிக்கா எஃகுக் குழலையே விரும்புவது அதனால்தான். அவர்கள் சேற்றில் படுத்துச் சுடுவதில்லை.

குழலின் உட்புறம் சுருளாக ஓடும் வரிகளும் இதையே சொல்கின்றன. குண்டைச் சுழலவிட்டுத் தடுமாறாமல் பறக்க வைப்பவை அவை. ஆரம்பத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உறைகுளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தள்ளாடியதால் 1963-இல் அது 12 அங்குலமாயிற்று. 1980-இல் நேட்டோ நாடுகள் 4 கிராம் எடையுள்ள, நீளமான குண்டை ஏற்றன. 12 அங்குலச் சுற்று அதற்குப் போதவில்லை. எனவே எம்16ஏ2-வில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வந்தது. அந்தக் குண்டுக்கு மட்டுமென்றால் 9 போதும். கூடவே சுட வேண்டிய, இன்னும் நீளமான ஒளிரும் குண்டுக்காகத்தான் 7 வரை போனார்கள். நீளத்திலும் இதே கதை. 20 அங்குலக் குழலை, எம்16-இன் குட்டை வடிவமான எம்4-இல் 14.5 ஆகக் குறைத்ததும் குண்டின் வேகம் சரிந்தது. குட்டைக் குழலுக்கு ஏற்ற புதுத் தோட்டா 2010-இல்தான் படைக்கு வந்தது.

டெண்டர் ஆவணத்தில் குழலின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக எழுதும் கொள்முதல் குழுக்கள், படைக்கு வழங்கப்போகும் தோட்டாவின் ரகத்தையும் அதே வரியில் எழுதட்டும். அந்தத் தோட்டாவைக் கொண்டே மழையிலும் புழுதியிலும் சுட்டுப் பார்க்காத குழலுக்கு யாரும் ஒப்புதல் கையெழுத்துப் போடக் கூடாது.